செயினுக்கு நான் பூசிய அழுக்கு

என் கணவரின் மோட்டார் சைக்கிள் செயினுக்கு நான்கு மாதம் வாரா வாரம் நான் அழுக்குப் பூசினேன். சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் கீழே பார்க்கிங்குக்கு இறங்கிப் போவேன். பூசி முடித்து, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மேலே வந்து காப்பி போடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உட்கார்ந்து அந்த அழுக்கைத் துடைப்பார். இதைவிடக் கிறுக்குத்தனமான வேலையை மயிலாப்பூரில் வேறு எவளும் செய்திருக்க மாட்டாள். அப்போது எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

அவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு வேலைநாள் காலையில். ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. "இன்னாமா இது, கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு வாயின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வந்தது. நான் கேஸை அணைத்தேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை, ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. கால் திரும்பி வந்தது. கொஞ்சம் இழுத்தாலும் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். பேச்சு வந்தது. வலது கைதான் பாதி வழியில் நின்றுவிட்டது. விரலை மடக்குவார், நீட்டுவார், கொடுத்த துணியைப் பிடித்துக்கொள்வார். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே தொட்டால் தெரியாது. சூடு தெரியாது, கிள்ளினால் தெரியாது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்கையில் சாவியை வைத்தால், வைத்தது சாவியா, வெறுங்காற்றா என்று அவருக்குச் சொல்ல வராது.

அவருக்கு அந்தக் கை ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. கடைந்து வரும் உருப்படிகளைச் சோதித்து, நல்லதை ஒரு பக்கமும் ஆகாததை ஒரு பக்கமும் வைப்பது. கருவியை வைத்து அளப்பதற்கு முன்னால் விரல்நுனியால் ஓரத்தை ஒரு தடவு தடவுவார். பிசிறு இருந்தால் கண்ணுக்கு அகப்படுவதற்கு முன்பே விரலுக்கு அகப்பட்டுவிடும். இருபத்திரண்டு வருஷம் அந்த விரல்நுனியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. முதலாளி ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்து பார்த்தார். "கை சரியானதும் வாப்பா, உன் எடம் உனக்குத்தான்" என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆப்பிளைத் தொடவே இல்லை. கை சரியாகுமா என்பது ஒன்றுதான் கேள்வி. கோபாலபுரத்துப் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு டி.சி. எழுதும்போதும் எனக்கு அதே கேள்வி, ராயப்பேட்டை சிக்னலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும் அதே கேள்வி.

பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். முதல் சில மாதம் வீட்டுக்கே வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கண்டிப்புக்குக் குறைச்சல் இல்லை. "கைக்குப் பழக்கமான வேலையைக் குடுங்க, அதுதான் மருந்து" என்றாள். என்ன வேலை பிடிக்கும் என்று அவரைக் கேட்டாள். கேரம் என்பார், இல்லாவிட்டால் காய் நறுக்குவேன் என்று என்னைச் சந்தோஷப்படுத்துவார் என்று நினைத்தேன். "வண்டி செயின் தொடைக்கணும்" என்றார்.

அது அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பூஜை. எங்கள் ஃபிளாட்டில் எல்லாருக்கும் தெரியும். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் முக்காலியில் உட்காருவார். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துச் செயினின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பார். அப்புறம் பனியன் துணியால் துடைப்பார். காய்ந்ததும் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாகச் செயினின் உள்பக்கமாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, வழிந்த ஆயிலை மறுபடி துடைத்து எடுத்துவிடுவார். "ஆயில் அதிகமா கீதுன்னா மண்ணு வந்து ஒட்டிக்கும். அப்புறம் செயின் இல்ல, அரம்" என்பார். யாராவது இளவட்டம் இஞ்சினை ஓட விட்டுக்கொண்டே துணியைச் செயினில் வைத்துத் துடைப்பதைப் பார்த்துவிட்டால் போச்சு, அங்கேயே வகுப்பு ஆரம்பமாகிவிடும். "விரல் எக்ஸ்ட்ரா கீதா உனக்கு?" என்று கேட்பார். துணியை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது, உருவிக்கொண்டு போகிற மாதிரி பிடிக்க வேண்டும். சக்கரத்தைப் பின்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். அப்போதுதான் கீழ்ச் செயின் பல்சக்கரத்தை விட்டு விலகி ஓடும். முன்பக்கம் சுற்றினால் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் வண்டி ஓட்டவே தெரியாத எனக்குக்கூட மனப்பாடம்.

பிசியோதெரபிஸ்ட் யோசித்துவிட்டுச் சரி என்றாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் தனியாகச் சொன்னாள்: "உணர்ச்சி இல்லாத கை மேல எப்பவும் கண்ணு இருக்கணும் மேடம். அடுப்பு, சுடுதண்ணி, கதவு இடுக்கு எல்லாத்துலயும். சாருக்கு அடிபட்டா அவருக்கே தெரியாது." நான் தலையை ஆட்டினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஆனது. வலது கையில் துணியைச் செருகி, அந்தக் கையை இடது கையால் தூக்கிச் செயின்மேல் வைத்துத் துடைத்தார். மேலே வந்தபோது பத்து நகத்திலும் கறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் இட்லியை இன்னும் வை என்று கேட்டுச் சாப்பிட்டார். நான் சமையலறையில் நின்று அழுதேன், வெங்காயம்கூட உரிக்காமல்.

அடுத்த ஞாயிறு போனவர் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார். "சுத்தமாத்தான் கீது. வண்டி ஓடினாத்தானே அழுக்காவும்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க ஒரு பயிற்சியும் செய்யவில்லை. பந்தை அமுக்கச் சொன்னால் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு நாள் அந்தப் பந்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, நானே இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அப்போதுதான், பார்க்கிங்கில் அந்த வண்டி பளபளவென்று நிற்பதைப் பார்த்து, எனக்கு அந்த யோசனை வந்தது.

முதலில் ஒரு பொய் தேவைப்பட்டது. பெருங்குடியில் வேலை பார்க்கும் என் தம்பி, அவர் மத்தியானம் தூங்கும் நேரத்தில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போகிறான், பேட்டரி இறங்காமல் இருக்க, என்று சொன்னேன். தம்பி எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது. "மாமாவுக்காக இதுகூடச் செய்ய மாட்டானா" என்று நானே அவனுக்காகப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

அப்புறம் அழுக்கு. லஸ் பக்கம் ஒரு சந்தில் வண்டி மெக்கானிக் கடை வைத்திருப்பவரிடம் போய், பிஸ்லேரி பாட்டிலை நீட்டிக் கழிவு ஆயில் கேட்டேன்.

"கழிவு ஆயில் இன்னாத்துக்குக்கா?"

"கதவுக் கீல் கிறீச்சுங்குது."

"அத்த போட்டா கதவே நாறும்க்கா. நல்ல ஆயிலே கீது, தரவா?"

"எனக்குக் கழிவுதான் வேணும்" என்று பிடிவாதமாக நின்றேன். அந்த மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே ஊற்றிக் கொடுத்தார்.

வாசல் கால்வாய் ஓரத்தில் படிந்திருக்கும் தூசியைப் பழைய முறத்தில் அள்ளி, நைசாகச் சலித்து, அந்த ஆயிலில் குழைத்துத் தேங்காய் நாரால் பூசுவேன். ரொம்பப் பூசினால் சந்தேகம் வரும், கம்மியாகப் பூசினால் பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் எனக்குப் பதம் பிடிபட்டது. மழை பெய்த வாரமானால் கொஞ்சம் சேறும் சேர்ப்பேன். இவ்வளவு கவனமாக நான் என் கல்யாணத்துக்கு மருதாணிகூட இட்டுக்கொண்டதில்லை.

அவரும் தேறினார். ஒன்றரை மணி நேரம் ஒரு மணி ஆனது. இடது கையின் உதவி இல்லாமல் வலது கையைத் தானே தூக்கிச் செயினில் வைத்தார். சாயங்காலங்களில் நான் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த சோதனையைச் செய்வேன். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல்நுனியைத் தொட்டு, "இப்போ தெரியுதா?" என்று கேட்பேன். ரொம்ப நாள் இல்லை, இல்லை, இல்லை. ஒரு நாள் கொஞ்சம் யோசித்து, "லேசா" என்றார். அடுத்த வாரம், "தெரியுது" என்றார். நான் அவர் கையை விடவே இல்லை. மறுநாள் முண்டகக்கண்ணியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். ஆபீசில் எல்லாருக்கும் சொன்னேன். முதலாளிக்கு நானே போன் போட்டேன்.

நடுநடுவே தொடாமலும் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தொட்டபோதெல்லாம் கேட்டால் நோயாளி ஆமாம் என்றுதான் சொல்லுவார், தொடாதபோது கேட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று. ஞாபகம் இல்லை என்று இப்போது சொன்னால் அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு நாள் பஞ்சை விரலுக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். என்னால் கேட்க முடியவில்லை. தொட்டுவிட்டுத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் வருவதும் நின்றுவிட்டது. கை தேறிவிட்டதே, இனிமேல் எதற்கு என்று நான்தான் போனில் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல நான் கீழே இருந்தேன். அவர் செயின் துடைக்க, நான் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. வண்டி நடு ஸ்டாண்டில் இருந்தது. எல்லாம் அவர் சொன்னபடிதான். ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருந்தது. டயரைச் சுற்றுகிற வேலை இப்போது இடது கையுடையது, அந்தக் கைக்கு முன்பக்கம் தள்ளுவதுதான் வாகாக இருந்தது. துணி வலது கையில், அதுவும் நழுவாமல் இருக்க விரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். போன மாதம் ஒருமுறை சொன்னதற்கு, "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று முகம் சுருங்கிப்போனார். அந்த முகம் மறுபடி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு கீரைக் காம்பைக் கிள்ளினேன். கைதான் தேறிவிட்டதே, இழுத்தால் அவருக்கே தெரியும், எடுத்துக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சக்கரம் டொக்கென்று நின்றது. துணி மாட்டிக்கொண்டது என்று நினைத்திருக்கிறார். "ச்சே" என்றார். டயரை இன்னும் பலமாக, தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். கறுப்புச் செயினிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. தரையில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

"கை! என்னங்க, கை!" என்று கத்தினேன்.

"இன்னா கை?" என்றவர், தன் இடது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. "இன்னாமா?" என்று என்னைக் கேட்டார். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் இருந்தன. அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புகூட இல்லை.

சக்கரத்தைப் பின்னால் சுற்றி விரலை எடுத்தது நான்தான். எப்படி எடுத்தேன் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். மந்தைவெளிப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு, அங்கே போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டாக்டர் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வெள்ளைத் துண்டு மெதுவாக நனைந்துகொண்டிருந்தது. அவர் அதை யாருடைய பொட்டலத்தையோ பார்த்துக்கொள்கிறவர் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. "எல்லாம் என்னாலதான். தம்பி வண்டி எடுக்கவே இல்ல. நான்தான் வாரா வாரம் அழுக்குப் பூசினேன்" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மீட்டர் ஏறவே இல்லியே. நாலு மாசமா அதே கிலோமீட்டர்தான் காட்டுது. ஓடாத வண்டில எப்டி அழுக்கு வரும்?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அந்த இடத்தில் கூட வந்தது. "தெரிஞ்சுகினேதான் தொடைச்சீங்களா?"

"வாரா வாரம் நீ படில உக்காந்து பாத்துகினு இருந்தியே" என்றார்.

எதிரே சுவரில் கர்ப்பிணிகளுக்கான போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே படித்தோம். எனக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதன் பதில் அரை மணி முன்னால் பார்க்கிங் தரையிலேயே கிடைத்துவிட்டது. இருந்தும் கேட்டேன்.

"அப்போ பஞ்சு தொட்டா தெரியுதுன்னு சொன்னது?"

அவர் துண்டின் நுனியை இடது கையால் சரி செய்தார். "ஒரு நாள் சும்மாதான் சொன்னேன். நீ கேட்டுக்கினே இருந்த. உன் மொகம் அப்டியே மாறிச்சு. மறுநாளே நீ பொங்கல் வச்சிட்ட. முதலாளிக்கு போன் போட்டுட்ட. அப்புறம் இல்லன்னு எப்டி சொல்றது?"

"ஒரு நாள்கூட தெரியலியா? லேசாக்கூட?"

"இல்லமா."

நான்கு மாதம். சலித்த தூசியும் பொங்கலும் போனும், சாயங்காலத்துப் பஞ்சும். ஒரு இம்மிகூட நகரவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் இனி அது வராது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. என்னை வைத்துக்கொண்டு அவர் தனியாக அதைச் சுமந்திருக்கிறார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். ஒரு நகம் போய்விட்டது, நுனி எலும்பு உடைந்திருக்கலாம், படம் எடுத்துப் பார்க்க வேண்டும், இப்போதைக்குக் கழுவித் தைத்துவிடலாம் என்றார். சிரிஞ்சை எடுத்தார். "மரத்துப்போறதுக்கு ஊசி போடறேன். போடும்போது சுருக்குனு இருக்கும், பொறுத்துக்குங்க."

"ஊசி வேணாம் டாக்டர். எனக்கு இந்தக் கை தெரியாது" என்றார் அவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஊசி முனையால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஆறு மாசமா. வாதம் வந்த அன்னிலேர்ந்து" என்றார் அவர்.

கையைப் பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் டாக்டர் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது தையல். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் சுருங்குவதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு தையலும் எப்போது இறங்குகிறது என்று அவர் தெரிந்துகொண்டார்.